இரும்பு ஊற்றும் நாளின் டிபன்

டிபன் என்ற சொல்லை இருபத்து நான்கு வயது வரை நான் வாயால் சொன்னதில்லை. காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் காலனியில் அதற்கு வேலை இருக்கவில்லை. காலையில் பழைய சோறோ கம்மங்கூழோ இருந்தால் குடித்தோம், இல்லாவிட்டால் இல்லை. அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கோயமுத்தூருக்கு வந்தபோதுதான் அந்தச் சொல் ஊர் முழுக்கத் தொங்கியது. மெஸ் வாசலில் கரும்பலகை வைத்து டிபன் ரெடி என்று எழுதினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ‘சாப்பாடெல்லாம் வேண்டாங்க, டிபன் மட்டும் போதுங்க’ என்றார்கள். இன்னும் மனதில் முடிவு செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம். கரண்டு கம்பத்திலிருந்து இறங்கி வருகிறவர் ‘டிபனுக்கு ஏதாச்சும் பாத்துக் குடுங்க’ என்று தலையைச் சொறிந்தால், அவருக்குப் பசி இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும். நான் தூக்குப் போசியில் கொண்டுபோன பழைய சோற்றைக்கூட பவுண்டரியில் டிபன் என்றுதான் சொன்னார்கள். ஐந்தாவது வரை படித்த எனக்கு அது மரியாதையாக இருந்தது. சோறு திங்கிறவன் வேறு, டிபன் சாப்பிடுகிறவன் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

கணபதி பக்கம் இருந்த அந்த பவுண்டரியில் நான் மோல்டர். மண்ணில் அச்சு எடுத்து, பெட்டி பெட்டியாக வரிசை வைப்போம். பம்பு செட்டின் வயிற்றுப் பாகம்தான் பெரும்பாலும். முதலாளி குடும்பம் பல்லடம் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர்கள். கிணறு வற்றியதும் கிணற்றுக்கு மாட்டும் பம்பைச் செய்ய வந்துவிட்டார்கள். பவுண்டரியும் அவர்கள் வீடும் ஒரே காம்பவுண்டு, நடுவில் ஒரு சின்ன இரும்புக் கதவு.

வாரத்தில் இரண்டு நாள் உலை பற்றவைத்து இரும்பு ஊற்றுவோம். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் ஆறு மணி ஆகும். நடுவில் யாரும் உட்கார முடியாது. உருகிய இரும்பு காத்திருக்காது. நின்றால் இறுகிப்போகும். நீளமான கம்பியின் நடுவில் வளையம், வளையத்துக்குள் லேடில் என்கிற வாளி, அதற்குள் உருகிய இரும்பு. கம்பியின் முன்பக்கம் ஓர் ஆள், பின்பக்கம் ஓர் ஆள். பின்னால் பிடிப்பவர்தான் சாய்த்து ஊற்ற வேண்டும். அது நான். முன்னால் பிடித்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்னூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். அவர் தம்பி என்றார். ‘நட’, ‘நில்லு’, ‘சாயி’ என்று சொல்லிக்கொண்டே போவோம். ஒருவர் கால் தடுக்கினால் இரண்டு பேரும் வெந்தோம். ஒருமுறை பொறி விழுந்து என் கால்சட்டை பற்றியபோது, லேடிலை இறக்கிவைத்த கையோடு தன் உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கொப்புளத்தைப் பார்த்து, “உன்ற கால் தப்புச்சுது, என்ற கை போச்சு. வட்டியோட வசூல் பண்ணிப்போடுவேன் பாத்துக்க” என்று சிரித்தார்.

இரும்பு ஊற்றி முடித்த நாட்களில் முதலாளி வீட்டில் எல்லோருக்கும் டிபன். அது அந்த பவுண்டரியின் வழக்கம். தொட்டியில் கைகால் கழுவிக்கொண்டு, சின்னக் கதவு வழியாக உள்ளே போய், வீட்டின் பின்னால் இருந்த சிமெண்டுத் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார வேண்டும். வாழையிலை. இட்லி, தக்காளிச் சட்னி, உளுந்து வடை. சில நாள் இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்து, சூடாகத் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள். முதலாளியம்மாவே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறுவார். “இன்னும் ரண்டு போட்டுக்குங்க, நெருப்புல நின்ன ஒடம்பு” என்பார். இதெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித் தெரியும்.

நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே அண்ணா என்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். காங்கேயம் பக்கம் என்றேன். “காங்கேயத்துல எங்கீங்க?” ஊரைச் சொன்னேன். “அட, அங்க எங்க சின்னம்மா ஊடு இருக்குதே. ஊருக்குள்ள எந்த வளவுங்க?” வளவு என்றால் எந்தச் சனம் வாழும் பகுதி என்று அர்த்தம். ஊருக்குள் இல்லை, ஊருக்கு வெளியே என்று சொன்னேன். “ஓ, அப்படீங்களா” என்றார். அதற்குப் பிறகு ‘ங்க’ குறைந்து தம்பி என்று ஆகிவிட்டது. அதை நான் நெருக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல்முறை இரும்பு ஊற்றி முடித்ததும் நானும் கைகால் கழுவிக்கொண்டு அந்தச் சின்னக் கதவுக்குப் போனேன். கணக்குப்பிள்ளை கதவை ஒட்டி நின்றிருந்தார். கையில் நியூஸ் பேப்பரில் நூல் சுற்றிய பொட்டலம்.

“ஏனுங்க தம்பி, நீங்க சைக்கிள்ல தூரமாப் போகோணுமில்லீங்க? இருட்டறதுக்குள்ள போய்ச் சேருங்க. உங்களுக்கு அம்மா பார்சல் கட்டிக் குடுத்துட்டாங்க.”

நான் அதை நம்பினேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது. மாதக்கணக்கில் நம்பினேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம், நல்ல மனுஷர்கள், நான் தூரத்திலிருந்து வருகிறேன் என்று எவ்வளவு யோசனை பார் என்று சொன்னேன். அவளும் இட்லியைப் பிட்டு மகளுக்கு ஊட்டிக்கொண்டே ஆமாம் என்றாள்.

பழைய இரும்பு உடைக்க ஒரு பெரியவர் இருந்தார். அவர் வீடு பவுண்டரிக்கு எதிர்ச்சந்து. வாசலிலிருந்து கூப்பிட்டால் கேட்கும். ஒரு நாள் என்னுடைய பொட்டலத்தை வாங்கித் திரும்பும்போது அவர் கையிலும் அதே மாதிரிப் பொட்டலம். “உங்க ஊடு இங்கதானுங்களே, உங்களுக்கு எதுக்குப் பார்சல்?” என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நெசமாவே தெரியாமத்தான் கேக்கறயா?” என்றார். பிறகு வாய்க்குள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “உனக்குத் தூரம்னு சொன்னாங்களா? எனக்குப் பல்லு இல்லைன்னு சொன்னாங்க, ஊட்டுல ஊறவெச்சுத் தின்னுக்கன்னு” என்றார்.

அவருக்குப் பல் எல்லாம் இருந்தது.

ஊரில் என் அப்பாவை, இடுப்புயரம் இல்லாத பையன்கூட ‘டேய்’ என்று கூப்பிடுவான். அப்பா ‘சாமி’ என்று திரும்புவார். அது வேண்டாம் என்றுதான் பஸ் ஏறினேன். இங்கே யாரும் ‘டேய்’ என்று சொல்லவில்லை. அங்கே ‘டா’ போட்டு நிறுத்தினார்கள், இங்கே ‘ங்க’ போட்டு நிறுத்தினார்கள். அங்கே திட்டினால் கோபப்பட ஒரு காரணமாவது கையில் இருந்தது. இங்கே சூடான இட்லியை நீட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு நிற்கிறவரிடம் எதைச் சொல்லிக் கோபப்படுவது?

தெரிந்த பிறகும் வாங்கினேன். நான் பேசத் தெரியாத ஆள். நாலு பேர் இருக்கும் இடத்தில் என் பெயரைக் கேட்டாலே வியர்த்துவிடும். அதைவிட, வேலை வேண்டும். அப்படியே நான்கு வருஷம் ஓடியது.

நான்காம் வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். மனைவிக்குக் காய்ச்சல். மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளை மட்டும் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். உலைக்குச் சந்தனம் தடவி, லேடிலுக்கெல்லாம் பொட்டு வைத்திருந்தார்கள். அண்ணாவின் மகளும் அதே வயது. இரண்டும் கொஞ்ச நேரத்தில் கையைக் கோத்துக்கொண்டு மண் குவியலில் ஏறி விளையாடின. பூஜை முடிந்து பொரி கொடுத்தார்கள். பிறகு யாரோ, “புள்ளைகளெல்லாம் மொதல்ல டிபன் சாப்புட வாங்க” என்று கூப்பிட்டார்கள். அண்ணாவின் மகள் ஓடினாள், என் மகளும் கூடவே ஓடினாள். நான் கூப்பிடுவதற்குள் அந்தச் சின்னக் கதவைத் தாண்டிவிட்டாள். பொரிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். இலை போட்டார்கள். என் மகளுக்கும் போட்டார்கள். அவள் தண்ணீர் தெளித்து, வீட்டில் அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரி ஓரமெல்லாம் துடைத்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்குச் சந்தகை. தேங்காய்ப்பால் வாசனை என் வரைக்கும் வந்தது.

முதலாளியம்மா வாளியோடு வரிசையில் வந்தார். என் மகளிடம் வந்ததும் நின்றார். “நீ யாரு புள்ள கண்ணு?” என்றார். அவள் கதவுப் பக்கம் கையைக் காட்டி, “அதா, எங்கப்பா” என்றாள். அந்தம்மா என்னைப் பார்த்தார், முகம் மாறவே இல்லை. குனிந்து, என் மகளின் மேல் படாமல் அவளுடைய பாவாடை நாடாவைச் சரிசெய்கிற மாதிரி கையை நீட்டி, “அம்மணி, உனக்குத் தனியா பார்சல் கட்டி வெச்சிருக்குது சாமி. ஊட்டுக்குப் போயி அம்மாகூட உக்காந்து நல்லாச் சாப்புடோணும், செரியா? எந்திரி கண்ணு” என்றார்.

தங்கமான குரல். என் மகள் எழுந்தாள், அழவில்லை. கணக்குப்பிள்ளை பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கினேன். வாங்கி, “செரிங்க” என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களில் ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றால் அந்தச் ‘செரிங்க’வை எடுப்பேன்.

சைக்கிளில் பாதி தூரம் வந்தோம். பிறகு அவள் கேட்டாள்.

“அப்பா, நான் தொடச்சு வெச்ச எலையில அப்பறம் யாரு சாப்புட்டா?”

யாரும் சாப்பிடவில்லை. அதை மடித்து எடுத்துப்போனதை நான் பார்த்தேன். “தெரியல கண்ணு” என்றேன்.

வீட்டில் என் மனைவி காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் மகளிடமே கேட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தாள். சந்தகை மட்டும் இருந்தது, பால் இல்லை. உலர்ந்து ஒட்டிக் கட்டியாகிவிட்டிருந்தது. அதை அப்படியே மூடி வைத்தாள்.

“உங்களுக்கு டிபனு பார்சல். எனக்கு ஒண்ணு வெளங்கல. இரும்ப மட்டும் எதுக்கு அங்கயே நின்னு ஊத்தறீங்க? அதையும் பார்சல் கட்டிக் குடுக்கச் சொல்லுங்க. ஊட்டுக்குக் கொண்டாந்து ஊத்தலாம். நானும் ஒரு பக்கம் புடிக்கறேன்.”

அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் மகள் சிரித்துவிட்டாள். எனக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தம்மா மேல் வந்த கோபம் பாதி, இந்த நான்கு வருஷம் இட்லியைச் சுமந்துவந்து என் பிள்ளைக்கு ஊட்டவைத்த என் மேல் பாதி. மகளிடம் மட்டும் காலையில் சொன்னேன்: அடுத்த தடவை நான் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவேன் என்று.

அடுத்த இரும்பு ஊற்றும் நாள் வந்தது. அன்றைக்கு லேடிலைப் பிடித்து நடக்கும்போது முன்னால் போகிற அண்ணாவின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் மகள் வாய் நிறையச் சந்தகையோடு என் மகள் எழுந்து போவதைப் பார்த்ததும், அவர் அந்தப் பக்கம் தூணில் சாய்ந்து நின்றதும் ஞாபகம் வந்தது. கையை விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தது உண்மை. விடவில்லை. ஒரு சொட்டுச் சிந்தாமல் அன்றைக்கு ஊற்றினேன்.

முடிந்ததும் கழுவிக்கொண்டு சின்னக் கதவுக்குப் போனேன். கணக்குப்பிள்ளை பொட்டலத்தை நீட்டினார். அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், வரிசையின் கடைசியில், அண்ணாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஃபோர்மேன்தான் முதலில் பேசினார். “என்ன மாப்ள, ஊட்டுல சம்சாரம் சோறு போடாமத் தொரத்திட்டாளா?” சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. இலை போடுகிறவர் அண்ணா வரைக்கும் போட்டார். பிறகு கையில் இருந்த மிச்ச இலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளியம்மா வந்தார்.

“ஏனுங்க, உங்களுக்கு எடுத்து வெச்சிருக்குதுங்களே.”

“இங்கயே சாப்புட்டுக்கறனுங்க.”

“சூடாத்தானுங்க கட்டியிருக்குது.”

“பரவால்லீங்க. இங்கயே போடுங்க.”

அவ்வளவுதான் நான் பேசினேன். அந்தம்மா உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து, “கேஸ் தீந்துபோச்சுங்க, கொஞ்சம் நேரமாகும்” என்று குரல் மட்டும் வந்தது. இட்லி ஏற்கெனவே வெந்து அண்டாவில் ஆவி பறப்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒருவர் சைக்கிள் பஞ்சர் என்று எழுந்தார். இன்னொருவருக்குப் பொள்ளாச்சி பஸ் போய்விடுமாம். ஃபோர்மேனுக்குத் திடீரென்று உலையின் அடிக்கதவைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. போகிற எவரும் என்னைத் திட்டவில்லை. “வாரனுங்க, வாரனுங்க” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே போனார்கள்.

அண்ணா கடைசி வரை இருந்தார். அவர் இருப்பார் என்று நான் நினைத்தேன். வெறும் இலையை மேலிருந்து கீழே மடித்தார். சாப்பிட்டு முடித்தவர் மடிக்கிற மாதிரியே மடித்தார். எழுந்து போனார்.

அந்தத் தாழ்வாரத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். வேலைக்காரப் பெண் ஒருத்தி வந்து என் முன்னால் தரையில் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனாள். அதைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் மகள் விழித்திருந்தாள். “உக்காந்தீங்களாப்பா?”

“உக்காந்தேன்.”

“சாப்புட்டீங்களா?”

“இல்ல.”

“எல போட்டாங்களா?”

“இல்ல.”

“எனக்குப் போட்டாங்க” என்றாள்.

இரண்டு நாள் கழித்து முதலாளி என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்துத்தான் போனேன். அவர் உட்காரச் சொன்னார். “உங்க மனசு சங்கடப்படற மாதிரி ஆகிப்போச்சுன்னு கேள்விப்பட்டனுங்க. நம்ம பவுண்டரியில அந்த மாதிரி எதுவும் இருக்கக்கூடாதுங்க. அதனால இனிமேல் எல்லாருக்கும் பார்சல்தான். ஊட்டுல பொம்பளைகளுக்கும் வேலை மிச்சம். எல்லாரும் ஒண்ணு. சந்தோசந்தானுங்களே?” என்றார்.

அதாவது, என்னை ஒரு நாள் உட்காரவைப்பதைவிடப் பன்னிரண்டு பேரை எழுப்பிவிடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அதற்கு நீதி என்று பெயர் வைத்து, என்னையே சந்தோஷப்படவும் சொன்னார்கள். நான் இந்தமுறை செரிங்க என்று சொல்லவில்லை. தரையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பவுண்டரியில் யாரும் என்னோடு பேசவில்லை. சூடாகச் சாப்பிட்டதைக் கெடுத்தவன் நான். “ஒருத்தனுக்குக் கொழுப்பு ஏறுனா ஊருக்கே பட்டினி” என்று என் காதுபடச் சொல்லிக்கொண்டே ஒருவர் மண்ணைச் சலித்தார். வழக்கத்தை நிறுத்தியவர் முதலாளி. அவர் மேல் ஒருவருக்கும் கோபம் இல்லை. அண்ணாவும் லேடிலைத் தூக்கும்போது வேண்டிய மூன்று சொல்லைத் தவிர எதுவும் பேசவில்லை. ‘நட’, ‘நில்லு’, ‘சாயி’. தம்பி என்பதுகூட நின்றுவிட்டது.

எல்லோருக்கும் பார்சல் கொடுத்த முதல் நாள், கணக்குப்பிள்ளை பெரிய கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடையோடு நின்றார். எல்லோரும் வரிசையில் போய் வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தபோது, அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் ஆளுக்கொரு பொட்டலத்தோடு நின்றிருந்தார்கள். வேலைக்களைப்பு, பசி. பொட்டலம் சுடுகிறது. வீடு தூரம். ஆனால் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. ரோட்டில் உட்கார்ந்து தின்ன அவர்களுக்குக் கூச்சம். போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள். “இதென்ன பிச்சக்காரன் மாதிரி” என்று ஃபோர்மேன் முணுமுணுத்தார்.

நான் அவர்களைத் தாண்டும்போது அண்ணா சைக்கிள் கேரியரைப் பிடித்து நிறுத்தினார். கையில் பொட்டலத்தை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, இத்தன வருசமா நீ இதைய எங்க வெச்சுத் தின்னே?” என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான்கு வருஷம் ஒரே கம்பியின் இரண்டு பக்கம் நடந்திருக்கிறோம். என் காலில் பற்றிய நெருப்பை வெறுங்கையால் அணைத்தவர். நான் பொட்டலத்தோடு அந்தக் கேட்டைத் தாண்டிப் போவதை வாரம் இரண்டு தடவை பார்த்தவர். இந்தக் கேள்வி ஒருநாள்கூட அவருக்கு வரவில்லை. அவர் கை சுட்ட பிறகு வந்திருக்கிறது.

சொல்வதற்கு இடம் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு மூன்று இருந்தன. பசி பொறுக்காத நாட்களில் எங்கே நின்றால் யார் கண்ணிலும் படாது என்று எனக்குத் தெரியும்.

கேரியரிலிருந்து அவர் கையை விலக்கிவிட்டு, “நீங்களே பாத்துக்குங்கண்ணா” என்று சொல்லி மிதித்தேன்.